சிஏ பாடநூல்களும் ஆர்டிபியும்: ஐசிஏஐ தருவதை மட்டும் வைத்துப் படித்தால் போதுமா?

ஃபவுண்டேஷனுக்கு 9,000 ரூபாய், இன்டர் இரண்டு குரூப்புக்கும் (பேப்பர் தொகுதிகளுக்கும்) சேர்த்து 18,000, ஃபைனலுக்கு 22,000. சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் ஆவதற்கான சிஏ படிப்பின் இந்த மூன்று நிலைகளுக்கு, அதை நடத்தும் ஐசிஏஐ (இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம்) வாங்கும் பதிவுக் கட்டணம் இவ்வளவுதான், ஆக மொத்தம் 49,000. தேர்வுக் கட்டணம் தனி: ஃபவுண்டேஷன் 1,500, இன்டர் இரு குரூப்பும் 2,700, ஃபைனல் இரு குரூப்பும் 3,300. பல ஊர்களில் இன்டருக்கு மட்டும் கோச்சிங் சேர்ந்தாலே செலவு இதைத் தாண்டிவிடுகிறது. ஆகவே, ஐசிஏஐயின் கல்விப் பிரிவான போர்டு ஆஃப் ஸ்டடீஸ் (பிஓஎஸ்) தருகிற பாடநூல்களும் சேவைகளும் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று பேப்பர் பேப்பராகப் பார்ப்பது அவசியம். இது அந்தச் சேவைகளைப் பற்றிய மதிப்புரை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தேர்வில் மதிப்பெண் வாங்கித் தருவதில் ஐசிஏஐ வெளியீடுகளுக்கு ஈடான புத்தகம் வெளியே கிடையாது. ஆனால் ஒரு பாடத்தை முதன்முறையாகப் புரியவைப்பதில் சில பேப்பர்களில் அவை தடுமாறுகின்றன. அந்த இடங்களுக்கு மட்டும் கோச்சிங் போதும். எல்லாப் பேப்பருக்கும் மொத்தமாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

பிஓஎஸ் நாலெட்ஜ் போர்ட்டலில் எல்லாம் பிடிஎஃப் வடிவில் கிடைக்கிறது. அச்சுப் புத்தகம் வேண்டுவோர் ஐசிஏஐயின் புத்தக விநியோகத் தளமான சிடிஎஸ்ஸில் ஆர்டர் போடலாம். இறக்குவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். 2023 ஜூலை 1 முதல் புதிய பாடத்திட்டம் நடப்பில் இருக்கிறது. இன்டரில் 8 பேப்பர் 6 ஆனது, ஃபைனலும் 6 பேப்பர் ஆனது, ஃபவுண்டேஷனில் இருந்த பிசினஸ் கரெஸ்பாண்டென்ஸ் பகுதி போய்விட்டது. சீனியர்கள் பாசத்தோடு தூக்கிக் கொடுக்கிற பழைய மாட்யூல்களில் (ஐசிஏஐ பாடநூல்களில்) இந்த மாற்றம் எதுவும் இருக்காது. வருமான வரியில் இது இன்னும் பெரிய சிக்கல். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வருகிறது. எல்லோருக்கும் மனப்பாடமான வரிக்கழிவுப் பிரிவு 80சி அதில் பிரிவு 123. எந்த அட்டெம்ப்டுக்கு (தேர்வுப் பருவத்துக்கு) எந்தச் சட்டம், எந்த ஃபைனான்ஸ் ஆக்ட், எந்தத் தேதி வரை வந்த அறிவிப்புகள் என்று ஐசிஏஐ தனியாக அறிவிக்கும். அந்த அறிவிப்பை அச்செடுத்துப் புத்தக அட்டையின் உள்பக்கம் ஒட்டிவைத்த பிறகே டாக்ஸ் மாட்யூலைத் திறப்பது நல்லது. செகண்ட் ஹேண்டில் காஸ்டிங் மாட்யூல் வாங்கலாம், புதிய பாடத்திட்டத்துக்கானதாக இருந்தால் போதும். டாக்ஸ் மாட்யூலை ஒருபோதும் வாங்கக் கூடாது.

மாட்யூலின் அமைப்பு எல்லாப் பேப்பருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அத்தியாயத் தொடக்கத்தில் ஒரு சுருக்கப் படம், பிறகு விளக்கம், நடுநடுவே இல்லஸ்ட்ரேஷன், கடைசியில் சுருக்கம், அதன் பின் 'டெஸ்ட் யுவர் நாலெட்ஜ்' கேள்விகளும் விடைகளும். கதைப் புத்தகம் போல முதல் பக்கத்திலிருந்து வாசிப்பவர் மூன்றாம் அத்தியாயத்தில் களைத்துப் போவார். பின்னாலிருந்து படிப்பதே இதற்குச் சரிப்படுகிறது: முதலில் டெஸ்ட் யுவர் நாலெட்ஜ் கேள்விகளை வாசித்து என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அதன் பிறகு பாடத்துக்குள் போவது. எந்தப் பத்தியைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைக்க வேண்டும், எதை ஒரு முறை கண்ணோட்டினால் போதும் என்பது அப்போது தானாகப் பிடிபடும்.

தியரி பேப்பர்களில் மாட்யூலுக்கு ஏன் ஈடு இல்லை என்பதை ஒரு கேள்வியில் பார்க்கலாம். ஒரு கம்பெனியில் பெரிய கடனாளி ஒருவருக்கு ஆடிட்டர் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதம் (பாக்கித் தொகையை உறுதிசெய்யக் கேட்கும் கடிதம்) அனுப்பக் கேட்கிறார்; நிர்வாகம் 'அவருக்கு அனுப்ப வேண்டாம்' என்கிறது. ஆடிட்டர் என்ன செய்ய வேண்டும்? கோச்சிங் நோட்ஸை மட்டும் நம்பியவர் "மாற்று ஆடிட் நடைமுறைகளைச் செய்ய வேண்டும்" என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். மாட்யூலில் எஸ்ஏ 505 என்ற ஆடிட் தரவிதியை ஒட்டி இது படிப்படியாக இருக்கிறது. நிர்வாகம் மறுப்பதற்கான காரணத்தைக் கேட்டு, அது நியாயமானதா என்பதற்கு ஆதாரம் தேட வேண்டும். அந்த மறுப்பால் மோசடி உட்பட ரிஸ்க் மதிப்பீடு எப்படி மாறுகிறது என்று எடைபோட வேண்டும். மாற்று நடைமுறைகளைச் செய்ய வேண்டும், அதாவது ஆண்டு முடிந்த பின் வந்த வரவுகளையும் டெலிவரி ஆவணங்களையும் பார்க்க வேண்டும். காரணம் நியாயமில்லை என்றாலோ, மாற்று நடைமுறையில் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்றாலோ, எஸ்ஏ 260இன்படி நிர்வாகத்துக்கு மேலே உள்ளவர்களுக்குத் தெரிவித்து, எஸ்ஏ 705இன்படி தன் அறிக்கையில் அதன் விளைவைத் தீர்மானிக்க வேண்டும். இத்தனை படிகளையும் எழுதிவிட்டுக் கேள்வியில் வந்த கம்பெனியின் பெயரைச் சொல்லி முடிவை எழுதினால்தான் முழு மதிப்பெண் வரும். நான்கு படிகளில் ஒன்றை மட்டும் எழுதியவருக்கு அந்த ஒன்றுக்கான மதிப்பெண்தான். ஆடிட்டிலும் லாவிலும் சட்டப் பிரிவு, கேள்வியில் உள்ள விவரம், முடிவு என்ற இந்த வரிசைதான், தேர்வுக்குப் பின் ஐசிஏஐ வெளியிடும் மாதிரி விடைகளான சஜஸ்டட் ஆன்சர்ஸில் திரும்பத் திரும்ப வருகிறது. விடைத்தாள் திருத்துபவர் எதிர்பார்ப்பதும் அதையே.

ஐசிஏஐ வெளியீடுகளில் மிகவும் மதிப்புள்ளது எது என்றால், ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் என்கிற ஆர்டிபி. ஒவ்வொரு அட்டெம்ப்டுக்கும் முன்னால் வருகிறது. டாக்ஸ், லா ஆர்டிபிகளின் முதல் பகுதியில் மாட்யூல் அச்சான பிறகு வந்த திருத்தங்கள் இருக்கும். அதைப் படிக்காமல் போனவர் போன வருட வரி விகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டு வருவார். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் பெரிய அளவில் மாறின. இப்படி ஒரு மாற்றம் தன் தேர்வுக்கு உண்டா இல்லையா என்று ஆர்டிபியும் ஐசிஏஐ அறிவிப்பும்தான் உறுதியாகச் சொல்லும். யூடியூப் காணொளிகளை நம்பி முடிவு செய்யக் கூடாது. இரண்டாம் பகுதியில் கேள்வி பதில். தன் அட்டெம்ப்டுக்கான ஆர்டிபியோடு அதற்கு முந்தைய இரண்டையும் சேர்த்து, விடையைப் பார்க்காமல் கையால் எழுதி முடித்தவர் தேர்வு அறையில் கேள்வித்தாளைப் பார்த்து மிரள மாட்டார். கண்ணால் படித்துவிட்டு 'தெரியும்' என்று பக்கம் புரட்டுவதுதான் இங்கே மிகப் பெரிய தவறு. அட்வான்ஸ்டு அக்கவுண்டிங்கில் அமால்கமேஷன் (கம்பெனி இணைப்பு) கணக்கின் விடையை வாசிக்கும்போது எல்லாம் புரியும். வெற்றுத் தாளில் பர்ச்சேஸ் கன்சிடரேஷனை (வாங்கும் கம்பெனி தரும் விலையை) கணக்கிடத் தொடங்கும்போதுதான் கை நிற்கும்.

எம்டிபி என்கிற மாதிரித் தேர்வு ஒவ்வொரு அட்டெம்ப்டுக்கும் இரண்டு சுற்று நடக்கிறது. கேள்வித்தாளும் பிறகு விடையும் போர்ட்டலில் ஏறிவிடும். கிளைகளில் நேரில் எழுதவும் வசதி உண்டு. சென்னையில் நுங்கம்பாக்கம் தென்னிந்திய வட்டார அலுவலகமும், கோவை, மதுரை, திருச்சி, சேலம், ஈரோடு, திருப்பூர் போன்ற கிளைகளும் இருக்கின்றன. வீட்டில் எழுதுவதைவிட அங்கே போய் எழுதுவது நல்லது, 3 மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து எழுதும் உடம்பு அப்போதுதான் பழகும். எம்டிபியின் குறை, அந்த விடையைத் திருத்தி 'உனக்கு இங்கே அரை மதிப்பெண் போயிற்று' என்று சொல்ல ஆள் இல்லாதது. இந்த ஒரு வேலைக்காகக் கட்டணம் கட்டி டெஸ்ட் சீரிஸ் சேர்வது வீண் செலவு அல்ல.

அதிகம் பேர் தொடாத இன்னொன்று, தேர்வு முடிந்த பின் சஜஸ்டட் ஆன்சர்ஸோடு வெளிவரும் எக்ஸாமினர்ஸ் கமென்ட்ஸ். எந்தக் கேள்வியில் மாணவர்கள் எதைத் தவறவிட்டார்கள் என்று பேப்பர்வாரியாகச் சொல்லியிருப்பார்கள். கேள்வியைப் புரிந்துகொள்ளாமல் பொதுவாக எழுதியது, ஒர்க்கிங் நோட் காட்டாமல் விடையை மட்டும் எழுதியது, சட்டப் பிரிவைச் சொல்லாமல் முடிவுக்குத் தாவியது ஆகியவை அங்கே அடிக்கடி தென்படும் குறைகள். தேர்வில் தவறியவர் ரிசல்ட் வந்த 30 நாளுக்குள் விண்ணப்பித்தால் ஒரு பேப்பருக்கு 500 ரூபாய்க்குத் தன் விடைத்தாளின் நகலை வாங்கலாம். அதைச் சஜஸ்டட் ஆன்சர்ஸுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஈடான பாடம் வேறில்லை. தேர்ச்சிக்கு வேண்டிய 40ஐத் தொடாமல் 36, 38 என்று நின்றுபோனவர்கள் கண்டிப்பாகச் செய்ய வேண்டியது இது.

இனி மாட்யூல் போதாத இடங்கள். முதலாவது, ஃபவுண்டேஷன் பேப்பர் 3, குவான்டிடேடிவ் ஆப்டிட்யூட். 2 மணி நேரத்தில் 100 கேள்விகள், ஒரு கேள்விக்கு 72 விநாடி. மாட்யூல் சூத்திரத்தை வருவித்துக் காட்டி நிதானமாகப் போகிறது. தேர்வுக்கு வேகம் வேண்டும். அந்த வேகம் பாதி கால்குலேட்டரில் இருக்கிறது. 12 இலக்கம், 6 செயல்பாடு, 2 மெமரி வரை உள்ள சாதாரணக் கால்குலேட்டருக்குத்தான் அனுமதி, சயின்டிஃபிக் கூடாது. ஜிடி (எல்லா விடைகளையும் கூட்டித் தரும்) பொத்தான் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். 10 சதவீத வட்டியில் 3 ஆண்டு ஆன்யுட்டியின் (ஆண்டுதோறும் வரும் ஒரே அளவுத் தொகையின்) இன்றைய மதிப்பு வேண்டுமா? 1 ÷ 1.1 போட்டு = பொத்தானை மூன்று முறை அழுத்தினால் 0.909, 0.826, 0.751 என்று வரிசையாக வரும். அடுத்து ஜிடி அழுத்தினால் 2.4869. வாய்பாடும் வேண்டாம், சூத்திரமும் வேண்டாம். பத்து விநாடி வேலை. கால்குலேட்டர் நிறுவனத்துக்கு நிறுவனம் பொத்தான் வரிசை சற்று மாறும் என்பதால், பயிற்சி எடுத்த அதே கால்குலேட்டரைத் தேர்வுக்கும் கொண்டு போக வேண்டும்.

பேப்பர் 3, 4 இரண்டும் அப்ஜெக்டிவ். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். இதைக் கேட்டுப் பயந்து 25, 30 கேள்விகளை விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் அந்தப் பயம் தேவையில்லை. நான்கு விடைகளில் இரண்டு நிச்சயம் தவறு என்று தெரிந்து, மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால் சராசரியாக ஒரு கேள்விக்கு 0.375 மதிப்பெண் லாபம். ஒன்றுமே தெரியாமல் குறித்தால் வரவும் செலவும் ஏறக்குறையச் சரி. ஆகவே ஒரு விடையையாவது நீக்க முடிகிற கேள்வியை விடக் கூடாது.

இரண்டாவது, இன்டர் காஸ்டிங்கும் ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட்டும். மாட்யூல் கணக்குகள் தரமானவை, எண்ணிக்கையில்தான் குறைவு. பழைய கேள்வித்தாள்களையும் ஆர்டிபிகளையும் சேர்த்தால் அந்தக் குறை தீரும். ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மென்ட் பகுதிக்கு மாட்யூல் தாராளமாகப் போதும். மூன்றாவது, ஃபைனல் ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங். இந்த் ஏஎஸ் எனும் இந்தியக் கணக்கியல் தரவிதிகள் முழுவதும் அடங்கிய பெரிய தொகுதி. ஃபைனான்ஷியல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், கன்சாலிடேஷன் (குழுமக் கம்பெனிகளின் ஒருங்கிணைந்த கணக்கு) இரண்டையும் மாட்யூலில் தனியாகப் படித்துத் தெளிவடைவது கடினம். கோச்சிங்குக்கு என்று ஒதுக்கிய பணம் இருந்தால் அதை இங்கே, அட்வான்ஸ்டு அக்கவுண்டிங்கிலும் ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங்கிலும், போடுவதுதான் சரி. லா, ஆடிட், ஜிஎஸ்டி ஆகியவற்றுக்கு மாட்யூல் போதும். ஃபைனல் ஆறாம் பேப்பரான இன்டகிரேட்டட் பிசினஸ் சொல்யூஷன்ஸ் திறந்த புத்தகத் தேர்வு. மூட்டையாகப் புத்தகங்களைக் கொண்டு போய்த் தேட நேரம் இருக்காது. எந்தச் சட்டப் பிரிவு எந்தப் பக்கத்தில் என்று கையால் எழுதிய நான்கு பக்க அட்டவணை அந்த மூட்டையைவிட அதிகம் உதவும்.

ஐசிஏஐ நடத்தும் இலவச நேரலை வகுப்புகளைப் பற்றிப் பேசும்போது மொழிப் பிரச்சினையை மறைக்க முடியாது. பாடம் நடத்துபவர்கள் திறமையானவர்கள், ஆனால் இந்தி கலந்து நடக்கும் வகுப்புகள் நிறைய. இந்தி தெரியாத தமிழ்நாட்டு மாணவருக்கு முக்கியமான விளக்கம் வரும் இடத்திலேயே கயிறு அறுந்துவிடுகிறது. ஐசிஏஐ இதைச் சரிசெய்ய வேண்டும். இவ்வளவு நல்ல சேவை பாதிப் பேருக்குப் போய்ச் சேராமல் இருப்பது வருத்தமாக இருக்கிறது. தேர்வையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள் ஃபவுண்டேஷன் லா மாட்யூலைத் தினம் இரண்டு பக்கம் பார்த்து எழுதினால், இரண்டு மாதத்தில் அந்த நடை கைக்கு வந்துவிடும். அந்த மாட்யூலின் ஆங்கிலம் எளிமையானது என்பது பெரிய ஆறுதல்.

தேர்ச்சி விதிகள் தெரியாமல் திட்டம் போடுவது ஆபத்து. ஒவ்வொரு பேப்பரிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஃபவுண்டேஷனில் நான்கு பேப்பரையும் ஒரே அட்டெம்ப்டில் தேற வேண்டும். 70, 65, 60 எடுத்து ஒன்றில் 38 என்றால் நான்கையும் மறுபடி எழுத வேண்டியதுதான். இன்டரில் ஒரு குரூப் மட்டும் எழுதி 52, 48, 45 எடுத்தவருக்கு மொத்தம் 145. வேண்டியது 150, ஆகவே ஃபெயில். அதே மாணவர் இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதி, மற்ற குரூப்பில் ஒவ்வொரு பேப்பரிலும் 40க்குக் குறையாமல் 155 எடுத்திருந்தால், மொத்தம் 300 ஆகி இரண்டு குரூப்பும் பாஸ். செட் ஆஃப் என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். குரூப்பில் தவறினாலும் ஒரு பேப்பரில் 60 எடுத்தால் எக்ஸெம்ப்ஷன் கிடைத்து அடுத்த 3 அட்டெம்ப்டுக்கு அந்தப் பேப்பரை எழுத வேண்டாம். ஆனால் அந்தக் குரூப்பின் எல்லாப் பேப்பருக்கும் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் பேப்பர் சரியாக எழுதவில்லை என்று மனம் உடைந்து மறுநாள் போகாமல் இருப்பவர்கள் இழப்பது இந்த எக்ஸெம்ப்ஷனையும் சேர்த்துத்தான்.

புதிய திட்டத்தில் ஐசிஏஐ சேர்த்த செல்ஃப் பேஸ்டு ஆன்லைன் மாட்யூல்கள் (அவரவர் வேகத்தில் படித்து எழுதும் இணையப் பாடங்கள்) வேலை தேடும்போது பயன்படக் கூடியவை. மொத்தம் நான்கு செட். ஏ செட் கார்ப்பரேட் லா, பி செட் காஸ்டிங், இரண்டும் கட்டாயம். சி, டி செட்களில் தலா ஒன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றிலும் 50 சதவீதம் வேண்டும், நான்கும் முடித்தால்தான் ஃபைனல் எழுத முடியும். சி செட்டில் எது சுலபம் என்று பார்த்து எடுப்பதுதான் வழக்கமாகிவிட்டது. அதைவிட, போக விரும்பும் வேலையைப் பார்த்து எடுப்பது மேல். கம்பெனிகளை வாங்கி விற்கும் டீல் அட்வைசரி பக்கம் போகிறவருக்கு வேல்யுவேஷன், மோசடி விசாரணைக்கு ஃபாரன்சிக் அக்கவுண்டிங், திருப்பூர், கோவை போன்ற ஏற்றுமதி ஊர்களில் இருக்கப் போகிறவருக்கு ஃபாரெக்ஸ் அண்ட் ட்ரெஷரி, பெரிய நிறுவனங்களின் வரிப் பிரிவுக்கு இன்டர்நேஷனல் டாக்சேஷன். இன்டர்வியூவில் அந்தப் பாடத்திலிருந்து கேள்வி வரும்போது வித்தியாசம் தெரியும்.

ஆர்ட்டிகிள்ஷிப் என்கிற நடைமுறைப் பயிற்சி இப்போது 2 ஆண்டு. இன்டர் இரண்டு குரூப்பும் தேறி, கணினிப் பயிற்சியும் ஓரியன்டேஷனும் முடித்த பிறகுதான் சேர முடியும். ஆண்டுக்கு 12 நாள் லீவு. அதனால் தேர்வுக்கு நீண்ட லீவு கேட்கும் பழைய வழக்கத்துக்கு இடமில்லை. ஆர்ட்டிகிள்ஷிப் முடிந்து 6 மாதம் படித்துவிட்டு ஃபைனல் எழுதுவதுதான் இப்போதைய அமைப்பு. ஆஃபீஸ் தேர்வுதான் பின்னால் வரும் வேலையைத் தீர்மானிக்கிறது. சிறிய ஆஃபீஸில் டாக்ஸ் ஆடிட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், வங்கி கன்கரன்ட் ஆடிட், கம்பெனி ஆடிட் என்று எல்லாம் கை வழியாகப் போகும். சொந்தமாக பிராக்டிஸ் செய்ய நினைப்பவருக்கு அதுதான் சரியான பட்டறை. டெலாய்ட், இஒய், கேபிஎம்ஜி, பிடபிள்யூசி போன்ற பெரிய நிறுவனங்களில் ஒரே கம்பெனியின் ஒரு பகுதியை ஆழமாகப் பார்ப்பார்கள். எம்என்சி வேலைக்கு அந்தப் பெயர் உதவும். சேருமுன் 'எந்த வகை வேலை எத்தனை மாதம் கிடைக்கும்' என்று அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆர்ட்டிகிள்களிடம் கேட்பது அவசியம். பிரின்சிபல் (பயிற்சி தரும் சிஏ) சொல்வதும் அவர்கள் சொல்வதும் ஒத்துப்போனால் சேரலாம்.

பாஸ் ஆன பிறகு ஐசிஏஐ நடத்தும் கேம்பஸ் பிளேஸ்மென்ட் இன்னொரு நல்ல சேவை. கம்பெனிகளின் கன்ட்ரோலர் பிரிவு, இன்டர்னல் ஆடிட், ட்ரெஷரி, வங்கிகளின் கிரெடிட் பிரிவு, சென்னையில் உள்ள பன்னாட்டு நிறுவனங்களின் குளோபல் சென்டர்கள் என்று போகும் வழிகள் பல. கம்பெனிகள் சட்டம் 2013இன்கீழ் கம்பெனி ஆடிட்டில் கையெழுத்திடும் உரிமை பிராக்டிஸில் உள்ள சிஏக்கு மட்டுமே உண்டு; அதற்கு சர்டிஃபிகேட் ஆஃப் பிராக்டிஸ் வாங்க வேண்டும். பத்தாண்டு அனுபவத்துக்குப் பிறகு திவால் சட்டத் தேர்வு எழுதி, திவால் வழக்குகளைக் கையாளும் இன்சால்வன்சி புரொஃபஷனல் ஆகவும் வழி இருக்கிறது. கேம்பஸில் அட்டெம்ப்ட் எண்ணிக்கையைப் பார்க்கும் கம்பெனிகள் உண்டு என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு மூன்று அட்டெம்ப்ட் ஆனவர்கள் தங்கள் ஆர்ட்டிகிள்ஷிப் வேலையை எண்களோடு சொல்லத் தயாராகப் போனால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

இப்போது பிளஸ் டூ படிப்பவர்களுக்கு ஒரு தேதிக் கணக்கு. ஃபவுண்டேஷனுக்கு 4 மாதப் படிப்புக் காலம் வேண்டும். ஜனவரி தேர்வுக்கு செப்டம்பர் 1, மே-ஜூன் தேர்வுக்கு ஜனவரி 1, செப்டம்பர் தேர்வுக்கு மே 1 என்பவை பதிவுக்கான கடைசி நாள்கள். தமிழ்நாட்டில் 2024இல் பிளஸ் டூ ரிசல்ட் மே 6 அன்றும், 2025இல் மே 8 அன்றும் வந்தது. ரிசல்ட் பார்த்துவிட்டுப் பதியலாம் என்று காத்திருந்தவர்களுக்கு மே 1 தாண்டிவிட்டது. செப்டம்பர் போய் ஜனவரிதான் கிடைத்தது. பத்தாம் வகுப்பு முடித்தாலே ஃபவுண்டேஷனுக்குப் பதிவு செய்துகொள்ளலாம், பதிவு 4 ஆண்டு செல்லும். பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிந்து வீடு திரும்பிய அந்த மார்ச் கடைசியிலேயே பதிவை முடித்துவிட்டு, அக்கவுண்டிங் மாட்யூலின் முதல் தொகுதியையும் கடைசி மூன்று ஆர்டிபிகளையும் இறக்கி வைத்துக்கொண்டால் செப்டம்பர் தேர்வுக்கு ஐந்து மாதம் முழுதாகக் கையில் இருக்கும்.